முகத்தை நம்பாதீர்கள், முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கறுப்பு டயல், வெள்ளை எண்கள், நடுவில் மூன்று கோடு சேர்ந்த ஓர் அம்புக்குறி, கித்தான் பட்டை. இப்படி ஒரு வாட்சைக் காட்டி, "இது மிலிட்டரி வாட்ச்தானே, எந்த வருஷத்துது?" என்று கேட்பவர்கள் எனக்கு அடிக்கடி வாய்க்கிறார்கள். சாவி கொடுக்கிற பழைய வாட்ச் மேல் பைத்தியம் என்று பெயர் வாங்கிவிட்டால் இதுதான் கதி. கல்யாண வீட்டில் டாக்டரைக் கண்டதும் முட்டியைத் தடவிக்கொண்டு வந்து உட்காருவார்களே, அந்த மாதிரி.

நான் முதலில் சொல்வது, "திருப்பிக் காட்டுங்க." வாங்கியவர்கள் பெரும்பாலும் டயலைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். ஆனால் ஒரு பழைய வாட்சில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான பாகம் டயல்தான். மெல்லிய பித்தளைத் தகடு, அதன்மேல் பெயின்ட், அவ்வளவுதான். சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடிக்கலாம், அம்புக்குறி போடலாம், போர்க்காலத்துக் கம்பெனிப் பெயரையும் போடலாம். முதுகில் குத்திய எழுத்தை மாற்றுவது அதைவிடக் கஷ்டம். உள்ளே இருக்கும் மெஷினை மாற்றுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் டயலும் முள்ளும் கூடும் அதற்குப் பொருந்தி வர வேண்டும். அதனால் நான் நம்புகிற வரிசை இப்படி: மெஷின், முதுகு, கூடு, முள், கடைசியாக டயல். வாங்குபவர்கள் பார்க்கும் வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

நல்ல உதாரணம் பிரிட்டிஷ் ராணுவம். தன் சாமான் ஒவ்வொன்றிலும் எதையாவது குத்திவைக்கிற பழக்கம் அவர்களுக்கு. அந்த அம்புக்குறி பல நூற்றாண்டுகளாக அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். வாட்ச் சிப்பாயுடையது அல்ல, அரசாங்கத்துடையது. வேலை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்கு வைக்க எண் வேண்டும், எண்ணைக் குத்த இடம் வேண்டும். முதுகில் நாம் இன்று படிக்கும் எழுத்தெல்லாம் ஏதோ ஒரு ஸ்டோர் குமாஸ்தாவின் வசதிக்காகப் போட்டதுதான்.

சேகரிப்பாளர்கள் அதிகம் அலைவது டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. என்று முதுகில் குத்திய வாட்ச்களுக்காக. வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப் என்று விரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை எழுதிய விவரக்குறிப்பின்படி பன்னிரண்டு கம்பெனிகள் செய்து கொடுத்தன: பியூரன், சிமா, எட்டர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர் லிகூல்ட்ர், லெமானியா, லாஞ்ஜின்ஸ், ஒமேகா, ரெக்கார்ட், டைமோர், வெர்டெக்ஸ். ஹாலிவுட் படப் பெயரை ஒட்டி 'டர்ட்டி டசன்' என்ற செல்லப்பெயர் பிற்பாடு வந்தது. கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் எண்களும் முட்களும், 15 கல் மெஷின், தண்ணீர் புகாத கூடு, எளிதில் உடையாத கண்ணாடி. முக்கியமாக ஒன்று: நொடிமுள் நடுவில் இருக்காது, 6 மணிக்கு மேலே தனியாகச் சின்ன வட்டத்தில் ஓடும். முதுகில் அம்புக்குறி, மூன்று டபிள்யூ, ஓர் எழுத்தோடு ராணுவ எண், அது போகக் கம்பெனியின் சொந்த எண். எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒமேகாவுக்கு ஒய், வெர்டெக்ஸுக்கு ஏ.

இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொண்டாலே விற்பனைக்கு வரும் போலிகளில் பாதியைக் கழித்துவிடலாம். போன மாதம் நண்பர் ஒருவர் கொண்டுவந்ததையே சொல்கிறேன். முதுகில் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. ஜம்மென்று இருந்தது. டயலில் கட்டைவிரல் நகம் அளவு அம்புக்குறி. ஆனால் நொடிமுள் நடுவில் ஓடியது. எனக்கு அங்கேயே கதை முடிந்துவிட்டது. அவருக்காகத் திறந்து பார்த்தோம். உள்ளே சாதாரண 17 கல் சுவிஸ் மெஷின். சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கி எந்தக் கூட்டில் வேண்டுமானாலும் மாட்டக்கூடிய வகை. முதுகில் இருந்த எழுத்தை பூதக்கண்ணாடியில் பார்த்தால் குத்தியது அல்ல, லேசரால் சுட்டது. எல்லா எழுத்தும் ஒரே ஆழம், ஓரமெல்லாம் கறுத்து. பஞ்ச் வைத்துச் சுத்தியால் குத்திய எழுத்து அப்படி இருக்காது. ஒன்று அழுந்தி இருக்கும், ஒன்று சாய்ந்திருக்கும், அதன் ஓரம் எண்பது வருஷத் தேய்மானத்தில் மழுங்கியிருக்கும். "அப்போ இது பர்மா சண்டையில போனதில்லையா?" என்றார். விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பர்மாக் கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு கம்பெனிகளின் வாட்ச்கள் ராணுவத்தின் கைக்கு வந்து சேர்ந்ததே 1945-இல்தான். அந்த வருஷம் மே மாதம் ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது, ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. ஆக, சண்டையைப் பார்த்த டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. இருந்தால் அது மிக அபூர்வம். பெரும்பாலானவை போருக்குப் பிந்தைய முகாம்களிலும் அலுவலகங்களிலும் ஓடியவை. ஒரு பகுதி டச்சுக்காரர்களுக்குக் கைமாறி இந்தோனேசியா வரை போயிருக்கிறது. போர்க்கதை சொல்லி விற்பவர் எவராக இருந்தாலும், கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, உண்மையான ஒன்று கையில் கிடைத்தால் வருஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகில் வருஷம் குத்தாத வாட்ச்களில் மெஷினின் எண்தான் கைகொடுக்கும். ஒமேகாவை எடுத்துக்கொள்வோம். 1944 வாக்கில் அவர்களுடைய மெஷின் எண் 1 கோடியைத் தொட்டது. 1947-இல் 1 கோடியே 10 லட்சம். அப்படியென்றால் 1945-ஆம் வருஷத்து ராணுவ ஒமேகாவின் மெஷின் எண் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். மெஷின் பெயர் 30டி2 என்று இருக்க வேண்டும். முதுகு 1945-ஐச் சேர்ந்தது, உள்ளே 1960-களின் எண் என்றால் யாரோ இரண்டு வாட்சை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

இதற்குப் பிந்தைய காலம் இன்னும் சுலபம். நேட்டோ நாடுகள் தங்கள் கிடங்குச் சாமான்களுக்கெல்லாம் ஒரே மாதிரி எண் கொடுக்க ஆரம்பித்தன. அதில் 6645 என்றால் நேரம் அளக்கும் கருவி. அடுத்த இரண்டு இலக்கம் நாடு: 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 21 கனடா, 66 ஆஸ்திரேலியா. முன்னால் டபிள்யூ 10 என்றிருந்தால் பிரிட்டிஷ் தரைப்படை, 6பிபி என்றால் விமானப்படை, 0552 என்றால் கடற்படை. எல்லாவற்றுக்கும் கீழே ஓர் எண், ஒரு சாய்கோடு, இரண்டு இலக்கம். அந்த இரண்டு இலக்கம்தான் வருஷம். 73 என்றால் 1973. இதற்கு மேல் வசதி என்ன வேண்டும்?

டபிள்யூ 10 குடும்பத்தில் மூன்று பேர் முக்கியம். ஸ்மித்ஸ், 1967 முதல் 1970 வரை. இங்கிலாந்தின் செல்டனம் பக்கம் செய்தது. இங்கிலாந்திலேயே தயாராகி அந்த நாட்டுப் படைக்குப் போன கடைசி வாட்ச் என்று அதைக் கொண்டாடுவார்கள். அடுத்தது பீப்பாய் வடிவ ஹாமில்டன், 1973 முதல் 1976 வரை. பிறகு சி.டபிள்யூ.சி., அதாவது கேபட் வாட்ச் கம்பெனி, 1976 முதல் 1980 வரை. ஹாமில்டனின் பிரிட்டிஷ் கிளையை நடத்திய ரே மெல்லர் 1972-இல் தொடங்கிய கம்பெனி அது. அதனால்தான் சி.டபிள்யூ.சி.யும் ஹாமில்டனும் அண்ணன் தம்பி ஜாடையில் இருக்கின்றன. 1980-இல் பேட்டரி வாட்ச் வந்து சாவி வாட்சை அனுப்பிவைத்தது.

இந்த ஹாமில்டன் விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு பரிசோதனை இருக்கிறது. அந்தக் கூட்டுக்குப் பின்மூடியே கிடையாது. முதுகும் பக்கமும் ஒரே துண்டு எஃகு. மெஷினைப் பார்க்க வேண்டுமானால் முன்னால் இருக்கும் கண்ணாடியைக் கழற்றி, திருகை உருவி, மெஷினை முகம் வழியாக வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர் புகும் வழி ஒன்று குறைந்தது என்று செய்த ஏற்பாடு. ஆகவே "1974 டபிள்யூ 10 ஹாமில்டன், பின்மூடி திறந்த படம் இணைக்கப்பட்டுள்ளது" என்று யாராவது பெருமையாகப் போட்டிருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம். இன்னொன்று, கடை வாசலிலேயே செய்து பார்க்கலாம்: திருகை வெளியே இழுங்கள். நொடிமுள் சட்டென்று நிற்க வேண்டும். பலரும் ஒரே நொடியில் நேரம் ஒத்துவைத்துக்கொள்ள ராணுவம் கேட்ட வசதி அது. ஸ்மித்ஸ் டபிள்யூ 10-லும் இது உண்டு. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பது வேறு மெஷின்.

கூட்டின் காதுகளையும் பாருங்கள். ராணுவ வாட்ச்களில் பட்டை மாட்டும் கம்பி பெரும்பாலும் கழற்ற முடியாதபடி பற்றவைத்திருக்கும். ஸ்பிரிங் கம்பி என்றால் தெறித்துப்போய் வாட்ச் காட்டில் விழுந்துவிடலாம். இந்தக் கம்பிக்குள் கோத்து இழுக்கிற ஒற்றைத் துண்டு நைலான் பட்டைதான் இன்று எல்லாரும் நேட்டோ ஸ்ட்ராப் என்கிறார்கள். பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை அதற்கு விவரக்குறிப்பு எழுதியது 1973-இல். அதனால் "1945-ஆம் வருஷத்து ஒரிஜினல் நேட்டோ பட்டையுடன்" என்ற விளம்பரத்துக்குச் சிரித்துவிட்டுப் போகலாம். நேட்டோ அமைப்பே 1949-இல்தான் பிறந்தது.

அமெரிக்கர்கள் வேறு ரகம். 1964-இல் அவர்கள் எழுதிய எம்.ஐ.எல்-டபிள்யூ-46374 என்ற விவரக்குறிப்பு, ரிப்பேர் செய்யாமல் தூக்கி எறிகிற மலிவு வாட்சைக் கேட்டது. வியட்நாம் காலத்து பென்ரஸ், ஹாமில்டன், வெஸ்ட்கிளாக்ஸ் எல்லாம் இதில் வரும். முதுகில் மாதமும் வருஷமும் எழுத்தால் போட்டிருக்கும். கதிரியக்கக் கழிவாக அப்புறப்படுத்து என்ற எச்சரிக்கையும் சிலவற்றில் இருக்கும். ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை. எறியச் சொன்ன சாமானை இன்று பெட்டி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம்.

கதிரியக்கம் என்றதும் டயலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. டயலை நம்பாதீர்கள் என்றேன், பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதில் ஒளிரும் பூச்சு ஒரு காலக்கணக்கு. போர்க்காலத்து வாட்ச்களில் உண்மையான ரேடியம் பூசியிருந்தார்கள். 1960-களில் அதன் இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. பிரிட்டிஷ் ராணுவ டயலில் ஒரு வட்டத்துக்குள் டி என்று போட்டிருந்தால் டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருஷம். ஐம்பது வருஷத்தில் நாலு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே 1973 டயல் இன்று இருட்டில் பளபளவென்று எரிந்தால் யாரோ அண்மையில் பூசியிருக்கிறார்கள். பழைய பூச்சு மங்கி, பழுப்பேறி, வெடித்திருப்பதுதான் நியாயம். முள்ளின் பூச்சும் எண்ணின் பூச்சும் ஒரே நிறத்தில் பழுத்திருக்க வேண்டும். முள் வெள்ளை, எண் பழுப்பு என்றால் முள் பின்னால் மாட்டியது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் நல்ல வாட்சையும் போலி என்று தள்ளிவிடுவது இதனால்தான். 1945 வாட்ச், முதுகு சரி, மெஷின் சரி, ஆனால் டயலில் வட்டத்துக்குள் டி. டிரிட்டியம் பிற்காலத்தது ஆயிற்றே, அப்படியானால் போலியா? இல்லை. பழைய வாட்ச்கள் பழுதுபார்க்க வந்தபோது ரேடியம் டயலை எடுத்துவிட்டு டிரிட்டியம் டயலை மாட்டியது பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையே. ராணுவம் மாற்றிய டயலும் அந்த வாட்சின் சர்வீஸ் வாழ்க்கையில் சேர்ந்ததுதான். விலை கொஞ்சம் குறையும், நேர்மை குறையாது. எல்லாப் பாகமும் ஒரே வருஷத்தைச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பாகம் வேறு வருஷத்தைச் சொன்னால், அது ஏன் என்று ராணுவத்தின் பழக்கத்தை வைத்தே விளக்க முடிய வேண்டும். நடு நொடிமுள் வைத்த டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.வுக்கு அப்படி ஒரு விளக்கம் கிடையாது.

ரேடியம் டயலைக் கையாள்வது பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஸ்டிக்கர் முதல் சாமி படம் வரை ஒளிர்வதெல்லாம் ரேடியம் என்கிறோம், அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. 1945 வாட்சில் இருப்பது நிஜமானது. அதனுடன் கலந்த துத்தநாக சல்பைடு சில வருஷங்களிலேயே செத்துவிடும், அதனால் டயல் ஒளிராது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். ஒளிராத டயலிலும் கதிர் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் டயலுக்குப் பூச்சு பூசிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அழுகிச் செத்தது 1920-களில் கோர்ட் வரை போன வழக்கு. மூடிய வாட்சை எப்போதாவது கட்டிக்கொள்வதை விட, திறந்து சுரண்டுவதுதான் ஆபத்து. பொடி மூச்சில் போகக் கூடாது. சமையல் மேசையில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றும் வீரர்களை வீடியோவில் பார்க்கிறேன். வயிறு கலங்குகிறது.

இனி நம் பக்கம். உலகச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று ஒரு ரகத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய மெஷின், சகட்டுமேனிக்குப் பாலிஷ் போட்ட கூடு, புதிதாக அச்சடித்த டயல். என் கணிப்பில், கவர்ச்சியான 'மிலிட்டரி' டயல்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. பூதக்கண்ணாடியில் எழுத்தைப் பாருங்கள். ஃபேக்டரி அச்சு கூர்மையாக, சமமாக இருக்கும். மறுபூச்சில் எழுத்தின் ஓரம் கசியும், நிமிஷக்கோடுகள் எண்களோடு சேராமல் நழுவும், டயலின் கீழ் ஓரத்தில் இருக்க வேண்டிய சுவிஸ் மேட் பாதி வெட்டுப்படும், அல்லது இருக்கவே இருக்காது. அதைச் செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. துருப்பிடித்த டயலோடு ஓடாமல் கிடந்ததைக் கையில் கட்டும்படி ஆக்குவது ஒரு தொழில்தான். அதை 1940 என்று சொல்லி விற்பதுதான் அயோக்கியத்தனம்.

நம் நாட்டு ராணுவ வாட்ச் என்றால் எச்.எம்.டி. ஜவான். 17 கல், சாவி கொடுப்பது, மணி எண்களுக்கு உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண்கள். எச்.எம்.டி. வாட்ச் தொழிலில் இறங்கியதே 1961-இல், பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் கூட்டில். எனவே அதற்கு முந்தைய எச்.எம்.டி. என்று ஒன்று இருக்கவே முடியாது. டயலில் வரும் பாரா ஷாக் என்ற பெயரும் சிட்டிசன் வழி வந்த அதிர்வுத் தாங்கியின் பெயர். எச்.எம்.டி. டயலில் இன்காபிளாக் என்ற வேறொரு அதிர்வுத் தாங்கியின் பெயரைக் கண்டால் டயலடித்தவர் வேறு எதையோ பார்த்து எழுதியிருக்கிறார். ஜவான் பெயர் போட்ட மறுபூச்சு டயல்கள் ஏராளம். பைலட் என்ற கறுப்பு டயல் எச்.எம்.டி.யையும் மிலிட்டரி என்று விற்கிறார்கள். அது கடையில் யாரும் வாங்கக்கூடியதாக இருந்தது. 2016-இல் மத்திய அரசு வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்த பிறகு இரண்டுக்குமே கிராக்கி ஏறிவிட்டது, போலியும் கூடவே ஏறியது.

ராணுவமே தொடாத, ராணுவ ஜாடை மட்டும் உள்ள வாட்ச்களுக்கும் வருஷம் கண்டுபிடிக்கலாம். சீக்கோவில் முதுகில் இருக்கும் எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி. 73 என்று தொடங்கினால் ஏதோ ஒரு ஏழாம் வருஷத்து மார்ச். 1977-ஆ, 87-ஆ, 97-ஆ? மெஷின் 7எஸ்26 என்றால் அது 1996-இல் வந்தது. எனவே 1997, 2007 அல்லது 2017. கூடு, டயல் எண்களை வைத்து மீதியைப் பிரிக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், முக்கியமாக வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு. அப்பா, தாத்தாவின் வாட்ச் பீரோவில் கிடந்தால் அதற்குப் புது டயல் போடாதீர்கள். முதுகைப் பாலிஷ் போட்டு எழுத்தை அழித்துவிடாதீர்கள், கீறல் இருந்தால் இருக்கட்டும். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு எடுத்த போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். டயல் 1960-க்கு முந்தையது என்று சந்தேகம் வந்தால் மூடியைத் திறக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரேடியம் இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லி ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவர் ஊதித்தான் துடைப்பார்.